அம்மாவின் போனை அணைக்கும் வியாழக்கிழமை

அன்புள்ள வாயாடிக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் முழுச் சுகம், உன் அம்மா முக்கால் சுகம், மிச்சம் இருக்கிற கால் பங்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ அங்கே உடம்புக்கும் மனசுக்கும் குறையில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது, மறைப்பது உன் அம்மாவிடமிருந்து உனக்கு வந்த குணம், அதை நீயாவது விட்டுத்தொலை. எப்போதும் அம்மாவின் முத்து முத்தான எழுத்தைப் பார்த்தவள் இந்தத் தடவை என் கோழிக் கிறுக்கலைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பயந்திருப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்குக் கோடு போட்ட தாளில் கோடு தெரியவில்லை, அவ்வளவுதான். இதைப் போனில் செய்தியாகவே அனுப்பியிருக்கலாமே என்பாய். உனக்குச் செய்தி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறாய். அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், இதற்குக் கட்டைவிரல் வந்தால் நான் விமானம் ஏறி வந்து அதை ஒடிப்பேன்.

முதலில் வீட்டுச் சேதி, இல்லாவிட்டால் அம்மா விடமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து எழுதியாச்சா எழுதியாச்சா என்கிறார். உன் அப்பாவுக்குப் புது வழித்தடம் கொடுத்திருக்கிறார்கள், மலைப்பாதை போய் நேர்ச்சாலை வந்துவிட்டது, பஸ் ஓட்டுகிற மாதிரியே இல்லை, வளைவு இருந்தால்தானே வண்டி என்று புலம்புகிறார். முதுகுவலி குறைந்திருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால் பழைய வழித்தடத்தைத் திருப்பிக் கேட்க முடியாதாம், அதனால் டிப்போவில் மட்டும் நொண்டுகிறார். எனக்கு ஆற்றோரம் எழும்புகிற புதுக் கட்டடத்தில் லிஃப்ட் பொருத்துகிற வேலை. குழிக்குள் இறங்கினால் சிக்னல் சுத்தமாகக் கிடையாது, அதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். மாடிக் குழாய் ஒழுகுவதை நான் இன்னும் சரி செய்யவில்லை, ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஏற்றுகிறவன் வீட்டுக் குழாயைத் திருகமாட்டான் என்று உன் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி விஷயம். சுற்றி வளைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. உன் அம்மாவின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. இது உனக்கு அரைகுறையாகத் தெரியும், கண்ணில் லேசாக மங்கல், சொட்டு மருந்து விடுகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். லேசு எல்லாம் தாண்டி வெகு நாளாகிறது. தையல் பட்டறையில் போன மாதம் கறுப்புக் கோட்டுக்கு நீல நூலில் பொத்தான் தைத்து ஒரு கட்டு முழுக்கத் திரும்பி வந்தது, மேற்பார்வை செய்கிறவரே செய்தால் நாங்கள் யாரைத் திட்டுவது என்று அந்த முதலாளி அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாராம், சிரித்துக்கொண்டே கேட்டதுதான் உன் அம்மாவுக்குத் தாங்கவில்லை. அறுவை செய்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். உன் அம்மா தள்ளிப்போட்டார். மறுபடி குறித்தார்கள், மறுபடி தள்ளிப்போட்டார், பட்டறையில் அவசர வேலை என்றார், அப்பாவுக்கு விடுப்பு இல்லை என்றார், நாங்களும் நம்பினோம். கடைசித் தடவை நானே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். பச்சை உடுப்பெல்லாம் மாட்டி, கண்ணில் மருந்து விட்டு, கட்டிலில் உட்கார வைத்தாயிற்று. நர்ஸ் வந்து போனைக் கொடுங்கம்மா, உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார். உன் அம்மா கொடுக்கவில்லை. பையில் போட்டுக்கறேன், சத்தம் வராம வெச்சுக்கறேன் என்று பேரம் பேசினார். அது அறுவை அறை, சந்தைக் கடை இல்லை என்று நர்ஸ் ஒரு அதட்டுப் போட்டார். அவ்வளவுதான், உன் அம்மா கட்டிலைவிட்டு இறங்கிச் செருப்பைத் தேடினார், மருந்து விட்ட கண்ணோடு செருப்புத் தெரியாமல் யாருடையதையோ மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வாங்க தம்பி போகலாம் என்றார்.

நான் வராண்டாவிலேயே கத்திவிட்டேன், அது தப்புத்தான், அண்ணியிடம் அதற்கு முன் குரல் உயர்த்தியதில்லை. ஏன் அண்ணி, அந்தப் போனில் என்ன புதையலா இருக்கிறது என்றேன். உன் அம்மா நிதானமாகச் சொன்னார், இப்ப நமக்குக் காலைன்னா அவளுக்குச் சாயங்காலம் தம்பி, வேலை முடிஞ்சு கடைக்குப் போற நேரம், காசு கட்ட நம்பர் இங்கதான் வரும், நான் உள்ள படுத்திருந்தா அவ அங்க கூடையைக் கையில வெச்சுக்கிட்டுப் பசியோட நிக்கணுமா என்று. நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன், நான் படித்துச் சொல்கிறேன் என்றேன். நீங்க குழிக்குள்ள இருப்பீங்க, சிக்னல் கிடைக்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க என்றார். இன்றைக்கு லீவு அண்ணி என்றால், இன்னைக்குச் சரி, கண்ணுல கட்டு இருக்கிற அத்தனை நாளும் லீவு போடுவீங்களா என்றார். உன் அப்பா வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார், தொடவும் கூடாது. ஆக மொத்தம், நீ அங்கே ஒரு ரொட்டி வாங்குவதற்காக உன் அம்மா இங்கே கண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உன்னை அழவைக்க இதை எழுதவில்லை. அழுகையால் எந்த இயந்திரமும் ஓடியதில்லை. கோளாறு எங்கே என்று தெரிந்தால்தான் கழற்றி மாட்ட முடியும், அதனால் எழுதுகிறேன்.

கோளாறு எங்கே என்றால், நீ கிளம்புகிற அமளியில் நீயும் அம்மாவும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்தப் பணம் கட்டும் செயலியை அம்மாவின் எண்ணில் பதிவு செய்தீர்களே, அங்கேதான். உனக்கு அப்போது அந்த ஊர் எண் இல்லை, சரி, ஒத்துக்கொள்கிறேன். போய் இறங்கியதும் மாற்று என்று நான் வெளியூர் வேலையிலிருந்து போன் போட்டுச் சொன்னேன், பார்த்துக்கறேன் சித்தப்பா என்றாய். என்ன பார்த்தாய்? இன்றுவரை நீ பஸ் ஏறினாலும் சோப்பு வாங்கினாலும் ஆறு இலக்க ரகசிய எண் கடல் தாண்டி நம் வீட்டுக்கு வருகிறது, நீ கூப்பிடுகிறாய், அம்மா படித்துச் சொல்கிறார். கண் தெரிந்தவரை அது ஒரு விளையாட்டாக ஓடியது. கண் மங்கியதும் என்ன நடந்தது தெரியுமா? முதலில் பட்டறையில் பொத்தான் கட்டுகிற பெண்ணைப் படிக்கச் சொன்னார். அவள் இல்லாதபோது மருந்துக் கடைக்காரர். ஒரு நாள் பஸ் கண்டக்டர், அவர் பயணிகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி டிக்கெட் விலை சொல்லும் குரலிலேயே படித்தாராம். உன் வங்கி ரகசியம் தெரியாத ஜீவன் இந்தத் தெருவில் எதிர்வீட்டு நாய் ஒன்றுதான், அதற்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அண்ணி, இதை யாரிடமும் பகிர வேண்டாம் என்று ஒவ்வொரு செய்தியிலும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே என்றேன். அது மத்தவங்களுக்குப் போட்டது தம்பி, நான் யாரோவா, அவ அம்மா என்கிறார். அந்தக் கண்டக்டர் யார், பெரியப்பாவா என்று கேட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அம்மா எழுதாதே என்று என் முழங்கையை இடிக்கிறார், இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு நாள் கடையில் மூன்று தடவை எண் தப்பாகிப் பணம் கட்டுவது பூட்டிக்கொண்டு, நீ எடுத்த சாமானெல்லாம் அங்கேயே வைத்துவிட்டு வந்தாயே, நெட்வொர்க் கோளாறு என்று சொன்னோமே, அது பொய். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. அம்மா மூன்றை எட்டு என்று படித்துவிட்டார். பக்கத்தில் யாரும் இல்லாததால் தானே கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து மூன்று தடவையும் அதே எட்டைச் சொன்னார். நீ வரிசையில் பின்னால் நிற்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டது போனில் கேட்டதாம். பரவால்லம்மா, ரூம்ல ஏதாவது இருக்கும் என்று நீ சொல்லிவிட்டு வைத்தாய். அறையில் ஒன்றும் இருக்காது என்று அம்மாவுக்குத் தெரியும், சாமான் வாங்கத்தானே கடைக்குப் போனாய். அன்றைக்குப் பட்டறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார், ஏன் என்று கேட்டதற்கு நெஞ்சைக் கரிக்கிறது என்றார். நீ அங்கே ஒரு வேளை, இவர் இங்கே ஒரு வேளை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பட்டினி கிடக்கிறீர்கள், என்னவோ பெரிய தியாகம் மாதிரி. இதற்குப் பேர் பாசம் இல்லை, தவறான இணைப்பு. ஒயரை மாற்றிக் கொடுத்தால் பாசம் தன்பாட்டுக்கு ஓடும்.

அதற்கு மேலே ஒரு கூத்து. உன் சம்பளம் அந்த ஊர் வங்கியில் விழுகிறது. நீ அதை மாதாமாதம் இங்கே அனுப்புகிறாய். இங்கே வந்த பணத்தை இந்தச் செயலி வழியாக மறுபடி அந்த ஊரிலேயே செலவு செய்கிறாய். போகும்போது ஒரு மாற்று விகிதம், வரும்போது ஒரு மாற்று விகிதம், பணம் மாற்றுகிறவன் இரண்டு பக்கமும் கிள்ளிக்கொள்கிறான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கடலைச் சுற்றி மூக்கைத் தொட்டவள் நீ ஒருத்திதான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாயே, ஆய்வகத்தில் இப்படித்தான் கணக்குப் போடுகிறாயா? மூன்று சேவைகளின் பெயரை எழுதி, எல்லாமே ஒரே மாதிரி இருக்கு, எது நல்லது சித்தப்பா என்று நீ கேட்டு எத்தனை காலமாயிற்று, நான் சொன்னால் இன்னும் கொஞ்சம் விசாரிக்கறேன் என்பாய். விசாரித்தது போதும். மூன்றையும் நானே உட்கார்ந்து பார்த்துவிட்டேன், கேள்.

உன் அறைத்தோழி வைத்திருக்கிற அந்த வண்ண வண்ணமான செயலி வேண்டாம். வாங்கினால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பரிசு என்கிறான், கடை வாசலில் குழந்தைக்குக் கொடுக்கிற பலூன் அது, பலூனுக்காகக் கடைக்குள் போகிறவள்தான் பை நிறையத் தேவையில்லாததை வாங்குவாள். அதைவிட, சேரும்போதே உன் போனில் இருக்கிற எல்லார் எண்ணையும் பார்க்க அனுமதி கேட்கிறான். நீ ரொட்டி வாங்க என் நம்பர் எதற்கு அவனுக்கு? இரண்டு ஊர்ப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்கலாம் என்கிற இன்னொன்று மோசமில்லை, ஆனால் அன்றாடத்துக்கு அது வேண்டாம், வீட்டுக்குப் பணம் அனுப்ப மட்டும் வைத்துக்கொள். அப்போதும் கட்டணம் இல்லை என்று அவன் போட்டிருப்பதை நம்பாதே, அன்றைய விகிதம் என்ன, இவன் கொடுக்கிற விகிதம் என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், கட்டணம் அந்த இடைவெளிக்குள் ஒளிந்திருக்கும். மிச்சம் இருப்பது உன் சம்பள வங்கியின் சொந்தச் செயலி, பார்க்க மழுமொட்டையாக அரசாங்கக் கட்டடம் மாதிரி இருக்கிறது, பலூன் கிடையாது, பாட்டு கிடையாது. அதுதான் உனக்கு. பணம் எங்கே விழுகிறதோ அங்கேயே எடுக்கிறாய், கடல் தாண்டுகிற வேலையே இல்லை, உன் கையில் இருக்கிற அந்த ஊர் எண்ணில் பதிவு ஆகும்.

ஆனால் நான் சொன்னேன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேராதே. புதுக் கட்டடத்தில் லிஃப்ட் ஏற்றி முடித்ததும் நான் முதலில் எதைச் சோதிப்பேன் தெரியுமா? கதவு திறக்கிறதா, மேலே போகிறதா என்பதையெல்லாம் யாரும் பார்த்துக்கொள்வார்கள். நான் உள்ளே நின்று அபாய மணியை அழுத்துவேன். அழுத்தினால் எந்த இடத்திலாவது ஒரு மனுஷன் எடுக்கிறானா என்று பார்ப்பேன், ஏனென்றால் மாட்டிக்கொள்கிற வரைக்கும் அந்தப் பொத்தானை எவரும் தொடுவதில்லை. நீயும் அதையே செய். சேருவதற்கு முன்னாலேயே அவர்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டு, என் போன் தொலைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேள். ஆள் எடுத்து நேராகப் பதில் சொன்னால் சேர். ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று இசை போட்டு உட்கார வைத்தால் எனக்குச் சொல், வேறு பார்ப்போம். அப்புறம், சம்பளம் முழுவதையும் அன்றாடச் செலவோடு இணைக்காதே, அதே வங்கியில் இன்னொரு சின்னக் கணக்கு திறந்து, வாரச் செலவுக்கு வேண்டியதை அதில் தள்ளி, செயலியை அதோடு மட்டும் கட்டு, போனை எவனாவது பறித்தாலும் அந்த வாரத்தோடு போகும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைக்க இடம் இருக்கும், வை. பூட்டு எண் உன் பிறந்த நாளாக இருக்கக் கூடாது, அது கண்டக்டருக்கே தெரிந்திருக்கும். ஒரே வடத்தில் லிஃப்ட் தொங்கவிடுகிறவனை நாங்கள் வேலையைவிட்டுத் துரத்துவோம், அதனால் வங்கி அட்டை ஒன்று பையில் தனியாக, கொஞ்சம் ரொக்கம் கோட்டின் உள் பையில். சார்ஜ் தீர்ந்துபோன போன் வெறும் கண்ணாடிச் சில்லு, அதை நீட்டினால் எவனும் பஸ்ஸில் ஏற்றமாட்டான்.

இந்தச் சேவை உனக்குத் தேவையான இடத்திலெல்லாம் செல்லுமா என்று பார்க்க, நீ எங்கெங்கே போகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உன்னிடம் கேட்டால் ஒரு வாரம் ஆகும் என்று அம்மாவிடம் கேட்டேன். ஒரு மூச்சில் ஒப்பித்தார். ஆய்வகத்துக்குப் பக்கத்து ரொட்டிக் கடை, திங்கட்கிழமை பஸ் அட்டை, மூலையில் இருக்கிற காய்கறிக் கடை, துணி துவைக்கும் இடம், மாசக் கடைசியில் ரொட்டி மட்டும்தான், நடுவுல ரெண்டு தடவை மருந்துக் கடை, என்னன்னு கேட்டேன் தலைவலிம்மான்னா, தலைவலிக்கு ரெண்டு தடவை எதுக்குப் போறா என்றார். அந்த ஊரை ஒரு தடவைகூடப் பார்க்காதவர், உன் தெருவை வீடு வீடாகச் சொல்கிறார். எல்லாக் கடையிலும் உன் வங்கிச் செயலி செல்லும், பார்த்துவிட்டேன். சொன்னேன். அதோடு முடிந்தது என்று எழுந்தேன். உன் அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. மேஜைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்துவிட்டு, அப்ப இனிமே இந்தப் போன்ல ஒண்ணும் வராதா தம்பி என்று கேட்டார். வராது அண்ணி, அதுதானே வேண்டும் என்றேன். அப்ப அவ சாப்பிட்டாளான்னு எனக்கு எப்படித் தெரியும் என்றார்.

வாயாடி, நான் இயந்திரம் படித்தவன், கேள்விக்குப் பதில் இருந்தால் சொல்லிவிட்டுப் போகிறவன். இதற்கும் பதில் இருக்கிறது. உன் ஒவ்வொரு செலவுக்கும் இன்னொரு போனுக்குத் தகவல் போகிற மாதிரி அந்தச் செயலியில் வைக்கலாம். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், வைக்காதே. வைத்தால் உன் அம்மா மறுபடி அந்தப் போனை மடியில் கட்டிக்கொண்டுதான் திரிவார், ரொட்டிக் கடை மணி அடிக்கவில்லை என்று உட்கார்ந்திருப்பார், மருந்துக் கடை மணி அடித்தால் அலறுவார். நீயும் வளர்ந்தவள், தலைவலி மாத்திரை வாங்க ஊரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது, எனக்கு அது உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. அம்மாவின் போனைத் திறந்து நீ கூப்பிட்ட கணக்கைப் பார்த்தேன், வேவு பார்க்கவில்லை, எண்ணை மாற்றுவதற்கு முன் என்னவெல்லாம் அதோடு கட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நாள் தவறாமல் கூப்பிட்டிருக்கிறாய். ஒன்றுகூட ஒரு நிமிஷத்தைத் தாண்டவில்லை. எண்ணைச் சொல்லும்மா, ஆறு இலக்கம், சரிம்மா ஆயிடுச்சு, வெச்சிடறேன். இவ்வளவுதான் பேச்சு. பள்ளிக்கூடத்தில் பேசிப் பேசி வகுப்புக்கு வெளியே நின்றவளுக்கு நான் வாயாடி என்று பேர் வைத்தேன், அந்த வாயாடியும் அவளைப் பெற்றவரும் நீ போன நாளிலிருந்து பேசிக்கொண்டதெல்லாம் வெறும் எண். உனக்கும் அதில் ஒரு பிடிமானம் இருந்தது என்று எனக்குத் தெரியும், இல்லையென்றால் என்னைவிட நன்றாகப் படித்தவள் ஒரு எண்ணை மாற்ற இத்தனை காலம் எடுத்திருக்கமாட்டாய். அம்மா குரலைக் கேட்க ஒரு சாக்கு. சாக்கு எதற்கு? உன் அம்மாதானே. நேராகக் கூப்பிடு.

ஏற்பாடு இதுதான். ஆஸ்பத்திரியில் வருகிற வியாழக்கிழமை காலை கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை தள்ளிப்போட்டால் என்னாகும் என்று அந்த டாக்டரம்மா உன் அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், புரை கல்லு மாதிரி இறுகிக்கிட்டு வருது, எடுக்கறது எனக்கும் கஷ்டம் உங்களுக்கும் கஷ்டம், உள்ள அழுத்தம் ஏறிட்டா போன பார்வை போனதுதான், அப்புறம் என்கிட்ட அழாதீங்க என்று. உன் அம்மா வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், ஒரே நிபந்தனை. அதற்கு முன் ஒரு தடவையாவது நீ அங்கே கடையில் உன் சொந்தச் சேவையில் பணம் கட்ட வேண்டும், இங்கே இந்தப் போன் அடிக்கக் கூடாது. அடிக்காமல் இருந்ததைத் தன் காதால் கேட்க வேண்டுமாம், அடிக்காததை எப்படிக் கேட்பது என்று நான் கேட்கவில்லை, எனக்கும் கொஞ்சம் புத்தி வந்துவிட்டது. ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே வங்கிக்குப் போ. செயலியைப் போடு. கடைக்குப் போ. நல்லதாக ஏதாவது வாங்கு, மாசக் கடைசியாக இருந்தாலும் ரொட்டி மட்டும் வேண்டாம். கட்டி முடித்து, அறைக்குப் போய், சாப்பிட்டு, கை கழுவிவிட்டு அம்மாவைக் கூப்பிடு. என்ன வாங்கினாய், என்ன விலை, வரிசையில் யார் நின்றார்கள், உப்புக் கூடவா குறைவா எல்லாம் சொல். பழைய செயலியை அன்றைக்கே மூடிவிடு, பாதி திறந்த கதவோடு லிஃப்டை ஓட்டாதே.

இனி உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், இதில் என் சரக்கு ஒன்றுமில்லை. கண்ணைப் பத்திச் சித்தப்பா பெருசா எழுதியிருப்பார், அவருக்கு எல்லாமே கயிறு அறுந்த மாதிரிதான், நீ கலங்காதே. அன்னைக்கு மூணை எட்டுன்னு சொன்னதுக்கு அம்மா மேல கோபம் இருந்தா விட்டுடு. மருந்துக் கடைக்கு எதுக்குப் போனேன்னு இனிமே நான் கேக்க முடியாது, நீயே சொல்லணும். குளிருக்கு உள்ள ஒண்ணு போட்டு மேல போடு. எங்க இருந்தாலும் வயிறு நெறஞ்சு மனசு நெறஞ்சு தலை நிமிர்ந்து இருப்பே, அம்மா சொல்றேன், அப்படித்தான் இருப்பே. இவ்வளவும் சொல்லிவிட்டு, அப்பா பாசத்தோடு கேட்டதாகப் போடச் சொன்னார். அப்பா உண்மையில் கேட்டது, அந்த ஊர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்று பார்த்தாயா, வளைவில் எப்படித் திருப்புகிறான் என்பதுதான், அதற்கும் பதில் எழுது. கீழே அம்மாவே கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார், தாளின் கடைசி வரியில் பாதியும் மேஜைத் துணியில் பாதியுமாக விழுந்திருக்கிறது. துணியில் விழுந்ததை நீ வரும்போது பார்த்துக்கொள்.

நினைவிருக்கட்டும். வியாழக்கிழமை நமக்குக் காலையாக இருக்கும்போது இந்த எண்ணுக்குக் கூப்பிடாதே, அணைந்திருக்கும். அறை வாசலில் தன் கையாலேயே அணைத்து என்னிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், நான் அன்றைக்குக் குழிக்குள் இறங்கவில்லை, வராண்டாவில்தான் இருப்பேன். முடிந்து கட்டோடு வீட்டுக்கு வந்ததும் போனை உயிர்ப்பித்து நாங்களே உன்னைக் கூப்பிடுகிறோம், அம்மாவின் காதில் நான் பிடித்துக்கொள்கிறேன். அப்போது நீ கேட்பதற்கு எண் எதுவும் இருக்காது.

பேசு, வாயாடி.

என்றும் உன் நன்மையே நினைக்கும்,
ஸ்க்ரூ சித்தப்பா
(கீழே சாய்ந்து விழுந்திருப்பது அம்மாவின் கையெழுத்து)